நெட் வராத சனிக்கிழமை

சனிக்கிழமை காலையில் என் லேப்டாப் ஏரோப்ளேன் மோடில் போய் உட்கார்ந்துகொண்டு இறங்கி வர மாட்டேன் என்றது. வெள்ளிக்கிழமை சாயங்காலமே அப்படித்தான் இருந்தது. ராத்திரி அணைத்துப் போட்டால் காலையில் புத்தி வந்துவிடும் என்று நினைத்தேன். வரவில்லை. அந்த மோடை அணைக்கும் பொத்தான் திரையில் இருக்கிறது, ஆனால் சாம்பல் பூத்துக் கிடக்கிறது. அமுக்கினால் அமுங்காது. வைஃபை பட்டியலில் ஒரு பெயர்கூட இல்லை. எங்கள் வீட்டு இணைப்பும் இல்லை, எதிர்வீட்டு மகேஸ்வரன் சாருடையதும் இல்லை. பாளையங்கோட்டையிலேயே நெட் என்று ஒன்று கிடையாது என்பது அதன் கட்சி.

மத்தியானம் மூன்று மணிக்கு எனக்குப் பரீட்சை. கோயம்புத்தூரில் ஒரு சாப்ட்வேர் கம்பெனி. நேர்காணல் எல்லாம் முன்பே முடிந்துவிட்டது. கடைசியாக இந்த ஒரு பரீட்சை, வீட்டிலிருந்தபடியே கேமராவுக்கு முன்னால் உட்கார்ந்து எழுத வேண்டியது. தேறினால் வேலை. நானும் என் மகள் ஆதிரையும் கோயம்புத்தூர் போய்விடலாம். தேறாவிட்டால், அல்லது எழுதவே முடியாவிட்டால், இதே தியாகராஜநகர் வீட்டு மாடியில், இதே மின்விசிறிக்குக் கீழே, என் மாமனார் மாமியாரோடு நான் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். இன்னொரு தடவை எழுதவெல்லாம் விட மாட்டார்கள். மெயிலில் தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள்.

என் கணவர் சங்கர் பங்குனியில் இறந்துபோனார். நெஞ்சை என்னமோ செய்கிறது என்றார். ஆஸ்பத்திரி வாசல்வரை பேசிக்கொண்டே வந்தார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு எனக்கு ஒன்றுமே ஆகவில்லை, அதுதான் எனக்கே விளங்காத சங்கதி. அழுகை வரவில்லை. துட்டி கேட்க வந்த பெண்கள் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு கதறுவார்கள். நான் அவர்கள் தோளுக்கு மேலாகப் பார்த்து, சுவர்க் கடிகாரத்தில் நூலாம்படை படிந்திருக்கிறதே, துடைக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருப்பேன். கோபம் மட்டும் வரும். அதுவும் பால் பாக்கெட் மேல், கதவுத் தாழ்ப்பாள் மேல், காற்றில் படபடக்கிற காலண்டர் மேல். மனிதர்கள் மேல் வருகிற அளவுக்குக்கூடத் தெம்பில்லை.

வேறு லேப்டாப் இரவல் வாங்கலாமே என்று கேட்பீர்கள். எந்த மெஷினில் எழுதப் போகிறோமோ அதைச் செவ்வாய்க்கிழமையே பதிவு செய்தாயிற்று, இனி மாற்ற முடியாது. போனைக் கேபிளில் மாட்டி நெட் எடுக்கலாமே என்பீர்கள். அறைக்குள் போன் இருப்பது தெரிந்தாலே பரீட்சை ரத்து. சரி, மோடத்திலிருந்து நேராக ஒரு ஒயரை இழுத்து மாட்டினால் என்ன என்பீர்கள். லேப்டாப்பில் அந்த ஒயரை மாட்டும் ஓட்டைக்குள் ஆதிரை எப்போதோ ஒரு புளியங்கொட்டையைத் திணித்துவிட்டாள். அதை நான் ஊக்கால் நோண்டி எடுத்ததில் உள்ளே இருந்த கம்பியெல்லாம் கோணிக்கொண்டது. சங்கரின் புது லேப்டாப் ஆபீஸ் கொடுத்தது. பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு ஒருவர் வந்து, ரொம்ப வருத்தம் தெரிவித்துவிட்டு, சார்ஜரையும் ஞாபகமாகக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். மிஞ்சியது நான் இஞ்சினியரிங் சேர்ந்தபோது என் அப்பா ஆழ்வார்குறிச்சியிலிருந்து பஸ்ஸேறி வந்து ஜங்ஷன் கடைத்தெருவில் வாங்கிக் கொடுத்த இந்தக் கிழம்தான்.

செவ்வாய்க்கிழமை நன்றாகத்தான் ஓடியது. ராத்திரி அணைக்கும்போது அப்டேட் செய்துகொண்டே அணைகிறேன் என்றது. செய்து தொலை என்று விட்டுவிட்டேன். வெள்ளிக்கிழமை திறந்தால் இந்தக் கோலம். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? அப்டேட் வந்து வைஃபை கார்டின் டிரைவரைக் கெடுத்துவிட்டது. டிரைவர் என்றால் வேறொன்றுமில்லை, கம்ப்யூட்டர் சொல்வதைக் கார்டுக்கும் கார்டு சொல்வதைக் கம்ப்யூட்டருக்கும் எடுத்துச் சொல்கிற ஒரு சின்ன மென்பொருள். நடுவில் இருக்கிற தரகர் முறுக்கிக்கொண்டால் இரண்டு பக்கமும் ஊமைதான். ஆதிரை பிறக்கும்வரை நானும் ஒரு கம்பெனியில் சாப்ட்வேர் டெஸ்டிங் பார்த்தவள். எதில் எங்கே கோளாறு என்று கண்டுபிடிப்பதுதான் என் பிழைப்பாக இருந்தது. அதனால் எனக்குச் சந்தேகமே வரவில்லை.

மாமா மேலே வந்தார். குற்றாலலிங்கம், பொதுப்பணித் துறையில் கால்வாய், மதகு என்று அலைந்து ஓய்வு பெற்றவர். என் பின்னால் நின்று திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“என்னம்மா விஜயா, நெட்டு வரலியாமே?”

“டிரைவர் போயிட்டு மாமா.”

“மோடத்துல பச்ச லைட்டு எரியுதே. என் போன்ல வருதே.”

“அது வரும். இதுலதான் வரல.”

“ஆத்துல தண்ணி போவுது, வாய்க்கால்ல வரலன்னா நடுவுல எங்கனயோ அடச்சிருக்குன்னுதான் அர்த்தம்” என்றார். பிறகு அவரே கீழே போய் மோடத்தைக் கழற்றிக்கொண்டு வந்து, மாடிப்படித் திருப்பத்தில் ஸ்டூல் போட்டு, அதன் மேல் இரண்டு தலையணை வைத்து, அதன் மேல் அதை எழுந்தருளச் செய்தார். கொம்பு இரண்டையும் என் அறையைப் பார்த்துத் திருப்பிவிட்டார். “இப்பம் பாரு.”

இப்பவும் ஒன்றும் இல்லை. ஆனால் அவர் முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை. “கொஞ்சம் பரவால்ல மாமா” என்றேன். சந்தோஷமாக இறங்கிப் போனார்.

வண்ணார்பேட்டையில் லேப்டாப் ரிப்பேர் கடை வைத்திருக்கும் சேக் முகம்மது அண்ணனுக்குப் போன் செய்தேன். நான் முழுக்கச் சொல்வதற்குள்ளேயே அவர் சொல்லிவிட்டார்.

“டிரைவர்தாம்மா. இந்த அப்டேட் வந்ததுலருந்து வாரவுகளுக்கெல்லாம் இதே கம்ப்ளைண்டுதான். திங்கக்கெழம கொண்டாங்க, பாத்துத் தாரேன்.”

“இன்னைக்கு மூணு மணிக்குப் பரீட்சை அண்ணே.”

“அல்லா! இன்னைக்கா? இன்னைக்கு நான் அக்கா மவ கல்யாணத்துக்குக் காயல்பட்டினம் வந்துருக்கேனே. பழைய டிரைவர இறக்கிப் போட்டுப் பாருங்கம்மா, வந்துரும்.”

போட்டேன். அந்தக் கம்பெனி ஒரே மாடல் லேப்டாப்பில் இரண்டு வகைக் கார்டுகளைப் போட்டு விற்றிருக்கிறது. புண்ணியவான்கள். எனக்கு எது என்று லேப்டாப்பின் அடியில் ஒட்டியிருந்த சீட்டில் இருந்திருக்கும். அந்தச் சீட்டு என் மடியில் தேய்ந்தே வெள்ளையாகப் போய்விட்டது. குத்துமதிப்பாக ஒன்றைப் போனில் இறக்கி, இதில் ஏற்றினேன். சாண் ஏறினால் முழம் சறுக்கும் என்பார்கள். கார்டின் பெயருக்குப் பக்கத்தில் மஞ்சள் முக்கோணம் வந்து நின்றது. மறுபடி தொடங்கினால் கார்டே காணவில்லை. போனை எடுத்து அதே மாடல்காரர்கள் புலம்பியிருந்த பக்கங்களைத் துழாவி, கார்டின் அடையாள எண்ணைத் தேடிப்பிடித்து, சரியான டிரைவரை இறக்கி, தப்பானதை வேரோடு பிடுங்கி, சரியானதை ஏற்றி, மறுபடி தொடங்கினேன். அந்தக் கிழம் ஒவ்வொரு தடவை எழுந்திருக்கவும் ஒரு காப்பி குடித்து முடிக்கிற நேரம் எடுக்கும்.

மஞ்சள் முக்கோணம் போய்விட்டது. கார்டின் மேல் தட்டிப் பார்த்தேன். “இந்தக் கருவி சரியாக இயங்குகிறது” என்று எழுதியிருந்தது. ஆனால் பட்டியலில் ஒரு பெயரும் இல்லை, பொத்தானும் அசையவில்லை. நன்றாயிருக்கிறது! என்னிடமும்தான் தினம் நாலு பேர் போனில் கேட்கிறார்கள், எப்படியிருக்கிறாய் என்று. நானும்தான் நன்றாயிருக்கிறேன் என்கிறேன்.

மாமா மறுபடி வந்தார். கையில் ஸ்கூட்டர் சாவி.

“மகேஸ்வரன்ட்ட கேட்டேன். வெளியருந்து மாட்டுத மாதிரி சின்னதா ஒண்ணு விக்காவளாம்லா? பென் டிரைவ் கணக்கா இருக்குமாம். வைஃபைய அதுவே இழுத்துருமாம். ஜங்ஷன்ல கெடைக்கும்னான். போயிட்டு வந்துருதேன்.”

அது எனக்குத் தோன்றாமல் போயிற்று. “ஆமா மாமா, வைஃபை டாங்கிள்னு கேளுங்க” என்றேன். “டாங்கிள், டாங்கிள்” என்று சொல்லிக்கொண்டே போனார். புரட்டாசிச் சனிக்கிழமை. நவதிருப்பதிக்குப் போகிற வண்டிகளெல்லாம் சேர்ந்து முருகன்குறிச்சியில் நெருக்கியடிக்கும். மூன்று மணிக்குள் அவர் வந்து சேருவார் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை. வராவிட்டால் என்ன என்பதும் தெளிவாகத் தோன்றவில்லை. தேறினால் கோயம்புத்தூர், இல்லாவிட்டால் மாடி. எங்கே இருந்தாலும் நான் இதேபோல்தான் இருக்கப் போகிறேன் என்றிருந்தது. ஆனாலும் இந்த வீட்டை விட்டுப் போக வேண்டும் என்கிற ஒன்று மட்டும் உள்ளே எங்கோ பல்லைக் கடித்துக்கொண்டு நின்றது.

வீட்டில் எனக்கு யாரும் ஒரு குறையும் வைக்கவில்லை. அதுவே பெரிய பாரம். அத்தை, பிரம்மநாயகி, பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்தவர். மகன் போன பிறகு அவர் பேச்சு நாலைந்து வாக்கியமாகச் சுருங்கிவிட்டது. சாப்பிட்டியா. பிள்ளைக்குத் தலைக்கு ஊத்தியாச்சா. கேஸ் புக் பண்ணணும். இந்த வேலையைப் பற்றி நான் சொன்னபோது “அவ்வளவு தூரமா” என்று மட்டும் கேட்டுவிட்டு, கீரை ஆய உட்கார்ந்துவிட்டார். அதன் பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. எனக்கு விளங்கிவிட்டது. மகனைத்தான் பறிகொடுத்தாயிற்று, பேத்தியையும் அனுப்ப மனசு வரவில்லை. வாய் திறந்து போகாதே என்று சொல்லவும் மாட்டார். பரீட்சை நல்லபடியாக எழுது என்று சொல்லவும் மாட்டார். அப்படி ஒரு அழுத்தம்.

மத்தியானம் அவர் தட்டோடு மேலே வந்தார். சுண்டவத்தக் குழம்பும் அவியலும்.

“சாப்பிட்டுட்டுச் செய்யி.”

“வேண்டாம் அத்தை.”

“காலைலயும் ஒண்ணும் சாப்பிடல. எந்திரி.”

நான் அப்போது மூன்றாவது தடவையாக அதே டிரைவரைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்க்காமலேயே சொன்னேன்.

“இது சரியாவாது அத்தை. பரீட்சை அவ்வளவுதான். நான் எங்கயும் போவ மாட்டேன். ஒங்களுக்கு நிம்மதிதான?”

பங்குனிக்குப் பிறகு ஒரு மனிதர் மேல் எனக்கு வந்த முதல் கோபம் அது. சொன்னதும் அதுவும் போய்விட்டது. அத்தை காப்பி டம்ளரை ஓரமாக நகர்த்தினார். தட்டை மேசையில் வைத்தார். வைத்துவிட்டுப் போவார் என்று பார்த்தால் போகவில்லை.

“செவ்வாக்கெழம நல்லா ஓடிச்சுல்லா?” என்று கேட்டார்.

“ஆமா.”

“பொறவு நீ இதத் தொறக்கலியா?”

“நேத்துச் சாயங்காலந்தான் தொறந்தேன். ஏன்?”

அவர் மாடிப்படியை ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு வந்தார். “ஈரத்துணி பட்டா இது கெட்டுப்போவுமா?”

“எந்த ஈரத்துணி?”

“மாமா காதுல போட்ராத” என்றார் அத்தை. எனக்கு நினைவு தெரிந்து அவர் குரல் இவ்வளவு தணிந்து நான் கேட்டதில்லை. “புதங்கெழம ஆயுத பூசைல்லா.”

புதன்கிழமை ஆயுத பூசைதான். தெருவில் ஆட்டோ, பைக், தையல் மெஷின் எல்லாவற்றுக்கும் மாலை போட்டிருந்தார்கள். எங்கள் வீட்டில் கிடையாது. துட்டி நடந்த வீட்டில் வருஷம் திரும்பும்வரை நல்ல நாள், பண்டிகை ஒன்றும் கொண்டாடக் கூடாது. மாமா அதில் ரொம்பக் கறார். எதிர்வீட்டிலிருந்து கொடுத்தனுப்பிய பொரி கடலையைக்கூட வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டார். பூசை அறைக் கதவு பங்குனியிலிருந்தே சாத்தித்தான் கிடக்கிறது. அதைச் சாத்தியதே அத்தைதான்.

“நீ பிள்ளையக் கூட்டிட்டுப் பார்க்குக்குப் போயிருந்த. மாமா தூங்கிட்டு இருந்தாவ. நான் மேல வந்து இதுக்குக் கொஞ்சம் சந்தனமும் குங்குமமும் வச்சேன். மேல வச்சா கண்ணுல படும். அதான் கவுத்திப் போட்டு, முன்னால ஓரத்துல வச்சேன். சூடம் காட்டல, வாசம் வந்துரும்லா. மறுநா மறுபூச செய்யாம எடுக்கப்புடாது. அதுக்குள்ள நீ தொறந்துருவியோன்னு எனக்குத் திக்கு திக்குன்னு இருந்துச்சு. நல்லவேள நீ தொடல. வியாழக்கெழம காலைல வந்து ஈரத்துணியால தொடச்சேன். காஞ்சு ஒட்டிக்கிட்டு வர மாட்டேன்னுது. நகத்தால சொரண்டி, அழுத்தித் தொடச்சு எடுத்தேன். அதுல தண்ணி கிண்ணி உள்ள போயிருக்குமோ?”

நான் லேப்டாப்பைக் கவிழ்த்தேன். முன் ஓரத்தில், கறுப்பில் கறுப்பாக, சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு தள்ளு சுவிட்ச். அந்தக் காலத்து லேப்டாப்களில் வைஃபையைக் கையாலேயே அணைக்க அப்படி ஒன்று வைத்திருப்பார்கள். வாங்கிய நாளிலிருந்து நான் அதைத் தொட்டதில்லை. அப்படி ஒன்று இருப்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. அத்தை அழுத்தித் துடைத்ததில் அது இடது பக்கம் தள்ளிப் போயிருந்தது. தள்ளிப்போன இடத்தில் சந்தனம் காய்ந்து இறுகி, திரும்பி வர வழியில்லாமல் அடைத்துக்கொண்டிருந்தது. சந்தனத்தின் நடுவில் கொஞ்சம் சிவப்பு.

காலையிலிருந்து நான் டிரைவரைப் போட்டு வதைத்துக்கொண்டிருக்கிறேன். அது பாவம், ஒரு தப்பும் செய்யவில்லை.

“ஈர்க்குச்சி இருக்கா அத்தை?”

விளக்குமாற்றிலிருந்து ஒன்றை ஒடித்துக்கொண்டு ஓடி வந்தார். நான் லேப்டாப்பைப் பிடித்துக்கொண்டேன், அவர் குத்தி எடுத்தார். சந்தனம் உதிர்ந்து என் மடியில் விழுந்தது. நகத்தால் சுவிட்சை வலது பக்கம் தள்ளினேன். ஓரத்தில் ஒரு நீல விளக்கு எரிந்தது. நிமிர்த்திப் பார்த்தால் ஏரோப்ளேன் தரையிறங்கிவிட்டது. எங்கள் வீட்டு இணைப்பு, மகேஸ்வரன் சார் வீடு, அடுத்த தெரு டியூஷன் சென்டர் எல்லாம் வரிசையாக வந்து நின்றன.

“வந்துட்டா?” என்றார் அத்தை.

“வந்துட்டு.”

அவர் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். கெடுத்தது தான்தான் என்பது அவருக்குப் புரிந்துவிட்டது.

எனக்கு அந்த நேரத்தில் என்னவெல்லாமோ தோன்றியிருக்க வேண்டும். பங்குனிக்குப் பிறகு இந்த வீட்டில் குங்குமம் பட்டது இந்த ஒரு பொருளில்தான் என்பது தெரிந்தது. தெரிந்ததே தவிர, மனசில் இறங்கவில்லை. மூன்று மணிக்கு இன்னும் நேரம் இருக்கிறது, குழம்பு ஆறுகிறது, அவ்வளவுதான் தோன்றியது. “ஏன் அத்தை வச்சிய?” என்று கேட்டேன்.

“மொதல்ல பரீட்சைய எழுது” என்று தட்டை என் பக்கம் நகர்த்தினார்.

நான் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மாமா வேர்க்க விறுவிறுக்க மாடியேறி வந்தார். ஆற்றுப் பாலத்தில் இருந்த நெரிசலையும், கடைக்காரன் முதலில் இல்லை என்றதையும், தான் விடாமல் நின்றதையும் சொல்லி முடித்துத்தான் பொட்டலத்தை நீட்டினார். பிரித்தால் ப்ளூடூத் டாங்கிள். பாட்டுக் கேட்கிற சாமானை மாட்ட உதவும், நெட்டுக்கும் அதற்கும் ஸ்நானப் பிராப்திகூடக் கிடையாது.

“நெட்டு வந்துட்டு மாமா” என்றேன்.

“வந்துட்டா! எதுலம்மா கோளாறு?”

அத்தை ஜன்னல் கம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“டிரைவர்தான் மாமா.”

“அதான பாத்தேன். தலகாணி மேல தூக்கி வச்சதும் கொஞ்சம் வந்துச்சுன்னியே, அப்பமே நெனச்சேன்” என்று டாங்கிளைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

பரீட்சை நேரத்துக்கு அத்தை என் போனையும் ஆதிரையையும் எடுத்துக்கொண்டு கீழே போய்விட்டார். கேமராவைச் சுற்றிக் காட்டச் சொல்லித் திரையில் வந்தது. கட்டிலுக்கு அடியில், கதவுக்குப் பின்னால், மேசைக்குக் கீழே எல்லாம் காட்டினேன். கம்பெனிக்காரன் எங்கோ உட்கார்ந்து, நான் துவைக்காமல் போட்டிருந்த துணி மூட்டையைப் பார்த்துக்கொண்டான். பிறகு கேள்விகள். ஒரு மென்பொருளைக் கொடுத்து அதில் உள்ள பிழைகளைக் கண்டுபிடித்து, ஒவ்வொன்றுக்கும் காரணத்தை எழுதச் சொன்னார்கள். கை தானாக ஓடியது. நடுவில் ஒரு தடவை வைஃபை நின்றுவிட்டதோ என்று ஓரத்து நீல விளக்கைக் குனிந்து பார்த்தேன். நிற்கவில்லை. கடைசிப் பொத்தானை அமுக்கியதும், கொஞ்ச நேரம் சுற்றிவிட்டுத் திரை பச்சையானது. தேர்ச்சி. வருகிற மாதம் முதல் தேதி வந்து சேர வேண்டும்.

நான் சந்தோஷப்படவில்லை. நாற்காலியை உள்ளே தள்ளிவிட்டுக் கீழே இறங்கினேன். மாமா முன்னறையில் செய்தி பார்த்துக்கொண்டிருந்தார். அவரிடம் சொன்னேன். “நல்லாருப்ப தாயி” என்றார். அத்தை உள் அறையில் இருந்தார். ஆதிரை பாயில் தூங்கிக்கொண்டிருந்தாள். அவள் பக்கத்தில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தார்.

“தேறிட்டேன் அத்தை. அடுத்த மாசம் சேரணும்.”

“ம்.”

நானும் உட்கார்ந்து ஒரு துணியை எடுத்தேன்.

“எதுக்கு வச்சிய? நான் போறதுல ஒங்களுக்கு இஷ்டமில்லன்னுல்ல நான் நெனச்சிட்டு இருக்கேன்.”

“வருசா வருசம் அவன் பைக்குக்கு வச்சேன்” என்றார் அத்தை. கை மடித்துக்கொண்டே இருந்தது. “லேப்டாப்புக்கு வச்சேன். பேனாவுக்கு வச்சேன். என்னத்த கண்டேன்? இனிமே சாமிகிட்ட ஒண்ணும் கேக்கப்புடாதுன்னுதான் கதவச் சாத்துனேன். ஒனக்காவத்தான் ஒரு தடவ கேட்டேன்.”

“வேல கெடைக்கணும்னா?”

“நீ இங்கனருந்து போயிரணும்னு.”

நான் அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

“மாடிப்படில நீ எறங்குத சத்தம் கேட்டா, அவன்தான் வாரான்னு நிமிந்து பாத்துருதேன். தெனமும். ஒவ்வொரு தடவையும். பாத்தா நீ நிக்க. ஒம்மேல ஒரு குத்தமும் கெடையாது விஜயா. ஆனா அந்நேரம் எனக்கு ஒன்னயப் பிடிக்க மாட்டேங்குது. அவன் வராம இவ எதுக்கு வாரான்னு வருது. என்னைக்காவது ஒரு நா அத ஒம் மூஞ்சிக்கு நேரா சொல்லித் தொலச்சுருவேன்னு பயமா இருக்கு. அதுக்கு முந்தி நீ நல்லபடியா போயிரணும்னு கேட்டேன். போ. பிள்ளையவும் கூட்டிட்டுப் போ. வருசம் திரும்பட்டும், பொறவு வா. வரணும்.”

எனக்கு அது வலிக்கவில்லை. ஆறேழு மாதமாக எல்லோரும் என்னிடம் தைரியமாயிரு, கடவுள் இருக்கிறார், பிள்ளை முகத்தைப் பார் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். இந்த வீட்டில் ஒருவர் வாயிலிருந்து உண்மை என்று ஒன்று வந்து விழுந்தது இப்போதுதான். நானும் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது.

“நீங்க காலைல எந்திச்சதும் தொண்டையச் செருமுவியள்லா” என்றேன். “அவரு செருமுத மாதிரியே இருக்கு. நான் தலகாணிய எடுத்துக் காதப் பொத்திக்கிடுவேன். ஒங்களுக்குத் தொண்ட கட்டிப் பேச்சு வராம போயிரணும்னுகூட நெனச்சிருக்கேன் அத்தை.”

அத்தையின் கை நின்றது. மடியில் ஆதிரையின் கவுன் பாதி மடித்தபடி கிடந்தது. அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். அவருக்குக் கண் நிறைந்து வழிந்தது. எனக்கு நெஞ்சுக்குள்ளிருந்து என்னவோ பிய்த்துக்கொண்டு வந்தது. சங்கரின் பேரைச் சொல்லி நான் அழுகிற சத்தம் எனக்கே யாருடையதோபோலக் கேட்டது. சுவரைப் பிடித்துக்கொள்ளப் பார்த்தேன், கைக்கு எட்டவில்லை. அத்தையின் தோள்தான் இருந்தது. அவர் என் வாயைத் தன் சேலைத் தலைப்பால் பொத்தினார்.

“பைய அழு” என்றார், அவரும் அழுதுகொண்டே. “பிள்ள முழிச்சிரும்.”